பட்டறைக்கு மும்முனை இணைப்பு: முதலில் எர்த் குழி

எங்கள் வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. 20-க்கு 12 அடி. அதற்குள் நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்), பில்லர் டிரில், அரை எச்.பி. கிரைண்டர், ஒரு கம்ப்ரசர், ஒரு வெல்டிங் செட். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நடந்தால் இப்படிப்பட்ட கூடம் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். அங்கெல்லாம் பம்ப் உதிரிபாகம் கடைகிறார்கள். நான் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீராவி இன்ஜின் மாதிரிகளை எனக்காகச் செய்கிறேன், விற்பதில்லை. இந்த ஆண்டு வீட்டின் ஒருமுனை மின் இணைப்பை மும்முனையாக மாற்றி, பட்டறை வயரிங்கையும் அடியோடு புதுப்பித்தோம். வீட்டில் லேத் வைத்திருப்பவர்களும், வைக்க நினைப்பவர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை எச்.பி. என்பதைத்தான். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தின் எதிர்ப்பு எத்தனை ஓம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு என் மாமனார் 1980-களில் கட்டியது. மீட்டர் பெட்டி முன் திண்ணையில். பட்டறை அங்கிருந்து 25 மீட்டர் தள்ளி. ஒரு விளக்கும் மின்விசிறியும் போதும் என்றிருந்த காலத்தில், மதில் மேலாக ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்திருந்தார்கள். அதற்கு அது சரியான வயர்தான். லேத்துக்கு அது எப்படிப் போதாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு எச்.பி. ஒருமுனை மோட்டார் ஓடும்போது பத்துப் பதினோரு ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நேரத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு, 60 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஸ்கொயர் தாமிரக் கம்பியின் எதிர்ப்பு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். போக 25 மீட்டர், வர 25 மீட்டர், ஆக 0.6 ஓம். 60 ஆம்பியர் பாயும்போது கம்பியிலேயே 36 வோல்ட் விழுந்துவிடும். 230 வோல்ட் கிளம்பினால் மோட்டாருக்கு வந்து சேர்வது 194. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கிடைப்பது எழுபது சதவீத விசைதான். சாயங்காலம் தெருவில் வோல்டேஜ் 200-க்கு இறங்கியிருந்தால் பாதிதான் மிஞ்சும். மோட்டார் உறுமும், சுற்றாது, உள்ளே சுற்றிய கம்பிச் சுருளான காயில் கருகும்.

காயில் கருகுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்தது, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். அன்று தொடங்கியது, இன்று தெருவுக்கு ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை. எனக்குத் தெரிந்த காயில் கட்டுகிறவர் ஒருவர், மோட்டாரைத் திறந்து கருகிய இடத்தைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிடுவார். மும்முனையின் மூன்று மின்கம்பிகளில் (பேஸ்) ஒன்று போய் மற்ற இரண்டில் ஓடியிருந்தால் காயில்கள் ஒரு ஒழுங்கில் விட்டுவிட்டுக் கருகியிருக்கும். அதிக லோடு, குறைந்த வோல்டேஜ் என்றால் எல்லாமே ஒரே மாதிரி கறுத்திருக்கும். அவர் கடையில் குவிந்து கிடக்கும் மோட்டார்களில் மோட்டாரின் குறையால் கெட்டவை மிகக் குறைவு. குறை வயரிங்கில் இருந்திருக்கிறது, தண்டனை மோட்டாருக்கு.

மும்முனை வேண்டாம், ஒருமுனையிலிருந்தே மும்முனை உண்டாக்கித் தரும் டிரைவ் ஒன்றை வாங்கி லேத்துக்கு மட்டும் மாட்டலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். மூன்று எச்.பி. வரை அது நல்ல வழிதான். வேகத்தையும் இஷ்டப்படி மாற்றலாம். ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். எனக்குக் கம்ப்ரசரும் வெல்டிங் செட்டும் இருக்கின்றன. வீட்டில் ஏசி, கீசர், கிணற்று மோட்டார் வேறு. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரைதான் ஒருமுனை. எங்கள் லோடு பட்டியலைக் கூட்டிப் பார்த்தபோது அது அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது. ஆகவே மும்முனைக்கு விண்ணப்பித்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் பட்டறை பொழுதுபோக்குக்கானது என்பதால் வீட்டு இணைப்பிலேயே தொடர்கிறது. ஜாப் ஒர்க் எடுத்துக் காசுக்குச் செய்கிறவர் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடாகக் கொண்டு, உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு மதிப்பிடச் சொல்கிறது. சிறு தொழில்களுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அதில் போய்விடுவது நிம்மதி. விண்ணப்பம், மதிப்பீடு, கம்பத்திலிருந்து நான்கு கம்பி சர்வீஸ், புது மீட்டர் என்று அந்தப் பகுதி தன் போக்கில் நடந்து முடிந்தது. வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம் செய்து சோதனை அறிக்கை கொடுக்க வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வாய்த்த வயர்மேன் என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாள் வந்தவரிடம், லேத் இங்கே, டிரில் அங்கே என்று நான் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணா, மெஷினை எங்கே வைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழி எங்கே தோண்டலாம், அதைச் சொல்லுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே இந்த வேலைக்குச் சரியான ஆள் இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மின்வாரியம் கம்பத்திலிருந்து நம் வீட்டுக்குக் கொடுப்பது பேஸும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலும் மட்டும்தான். எர்த் நாம் நம் மண்ணில் உண்டாக்கிக்கொள்வது. எங்கள் பழைய எர்த், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அடித்திருந்த ஒரு ஜி.ஐ. பைப். மேல் முனையில் கட்டிய கம்பி துருவேறித் தூளாகியிருந்தது. வயர்மேன் எர்த் டெஸ்டர் வைத்து அளந்தார்: 40 ஓம். லேத் மோட்டாருக்குள் ஒரு வயரின் தோல் தேய்ந்து, பேஸ் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 40-ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியர்கூட இல்லை. கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பை அறுக்கும் சுவிட்சான எம்.சி.பி.க்கு அது இஸ்திரிப் பெட்டி ஒன்று சூடாவது போன்ற சாதாரண லோடு. அது விழாது. லேத்தின் படுக்கை, கைச்சக்கரம், டூல் போஸ்ட் எல்லாவற்றிலும் 200 வோல்ட்டுக்குக் குறையாமல் ஏறி நிற்கும், யாராவது தொடும் வரை. எர்த் இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ வீடுகளில் நிலைமை இதுதான் என்பது என்னை உண்மையாகவே வருத்துகிறது. என் பேத்தி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லேத்தில் நிற்பவள் அவள்தான்.

புதிதாக இரண்டு குழிகள் தோண்டினோம். எங்கள் மண்ணில் மூன்றடிக்குக் கீழே சுக்கான் பாறை, கடப்பாரைதான் பேசும். மூன்று மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பினார்கள். இரண்டு குழிக்கும் இடையே குறைந்தது பைப்பின் நீளமாவது இடைவெளி வேண்டும். நெருக்கமாக வைத்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், எதிர்ப்பு அவ்வளவாகக் குறையாது. இரண்டையும் பட்டையால் இணைத்து, மேலே தண்ணீர் ஊற்றப் புனலும் சிமென்ட் மூடியும். மறுபடி அளந்தபோது 7 ஓம் வந்தது.

இப்போது அதே கோளாறு நடந்தால் 33 ஆம்பியர் பாயும். வீட்டு மெயினில் இருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கும் அசையாது. ஆனால் லேத்துக்கென்று தனியாகப் போட்ட 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு நிமிடத்துக்குள் சூடேறி விழுந்துவிடும். மனித உயிருக்கு ஒரு நிமிடம் மிக நீண்ட நேரம். அங்கேதான் ஆர்.சி.சி.பி. என்ற, கசிவைக் கண்டால் அறுக்கும் சுவிட்ச் வருகிறது. பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அந்த அளவு வேறு வழியில் மண்ணுக்குப் போனால், கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். எர்த் 1,600 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் மெஷினின் உடம்பில் 50 வோல்ட் ஏறுவதற்குள் அது விழுந்துவிடும்.

அப்படியானால் எர்த் குழிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று என் மருமகன் கேட்டார். ஆர்.சி.சி.பி. என்பது ஸ்பிரிங்கும் கொக்கியும் உள்ள இயந்திரம். பட்டறைத் தூசியில் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிப்போகலாம். அது கைவிடும் நாளில் 7 ஓம் எர்த்தும் 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் இரண்டாவது வரிசையில் நிற்கின்றன. 40 ஓம் எர்த் இருந்தால் அந்த இரண்டாவது வரிசையே கிடையாது. ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் இருப்பதே மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கத்தான். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை என் மனைவி அழுத்துகிறார்.

நியூட்ரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மும்முனைக்கு மாறும் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒருமுனை வீட்டில் நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணையும், அவ்வளவுதான். மும்முனை வீட்டில் மெயின் நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. ஒரு பேஸில் கீசரும் இன்னொரு பேஸில் டிவியும் இருந்தால், இரண்டும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். கனமான லோடு உள்ள பக்கம் வோல்டேஜ் சரியும், இலேசான லோடு உள்ள பக்கம் முந்நூறைத் தாண்டி ஏறும். டிவி, ரவுட்டர், எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் போகும். அதனால் நியூட்ரலில் பியூஸ் கட்டை கூடாது. பழைய போர்டில் அப்படி ஒன்று இருந்தது. வயர்மேன் அதைக் கழற்றிவிட்டு நேர் லிங்க் போட்டார். நியூட்ரல் முனைகள் எல்லாம் லக் என்ற உலோக முனை வைத்து அழுத்தியவை, முறுக்கிச் சுற்றியவை அல்ல. கூடவே, வோல்டேஜ் எல்லை மீறினால் அறுக்கும் ரிலே ஒன்று. ஒரு பேஸ் போனால் வீட்டு லோடை இன்னொரு பேஸுக்குத் திருப்பும் சுவிட்சைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதை வைக்கவில்லை. மூன்று பேஸின் லோடும் ஒன்றில் ஏறி உட்காரும், அந்த ஒரு வயர் தாங்க வேண்டும்.

வீட்டுப் பக்கம் ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்று மிக்சியைப் போட்டதும் கூடத்து லைன் விழுந்தது. மிக்சியைக் கழற்றினால் நிற்கிறது, போட்டால் விழுகிறது. மிக்சியில் பழுது என்று யாரும் சொல்லியிருப்பார்கள். வயர்மேன் அதைத் தொடவே இல்லை. சுவிட்ச் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். சமையலறைக்குப் பேஸ் ஒரு லைனிலிருந்து வந்திருந்தது, நியூட்ரலை மட்டும் பக்கத்துக் கூடத்தின் லைனிலிருந்து எடுத்திருந்தார்கள். 1980-களில் இரண்டும் ஒரே பியூஸில் இருந்தபோது அதனால் எந்தத் தொல்லையும் தெரிந்திருக்காது. இப்போது இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. என்றதும், ஒன்றில் போன கரண்ட் மற்றொன்றில் திரும்புகிறது. இரண்டுமே கசிவு என்று எண்ணிக்கொள்கின்றன. சில வீடுகளில் "இது சும்மா சும்மா விழுகிறது" என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். கழற்ற வேண்டியது தவறான நியூட்ரலைத்தான்.

மீட்டரிலிருந்து பட்டறைக்கு ஆறு ஸ்கொயர் நான்கு கோர் ஆர்மர்டு கேபிளை மண்ணுக்கடியில் 75 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தோம். கீழே மணல், மேலே மணல், அதன் மேல் செங்கல் வரிசை. நாளைக்குக் குழாய்க்காகத் தோண்டுகிறவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் பட வேண்டும். எங்கள் தோட்டத்தில் பெருச்சாளித் தொல்லை உண்டு, வெறும் பி.வி.சி. பைப்பில் விட்டிருந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. கேபிளின் இரும்பு உறையையும், கேபிள் முனையைப் பிடிக்கும் கிளாண்டு வழியாக எர்த்தோடு சேர்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பட்டறைக்குள் வயரிங் அத்தனையும் சுவருக்கு மேலேயே பைப்பில் ஓடுகிறது. சுவருக்குள் புதைத்தால் அழகு, ஆனால் பட்டறையில் மெஷின்கள் இடம் மாறும். சாக்கெட்டுகள் நான்கடி உயரத்தில், கடைசல் சுருள் தெறித்து உள்ளே விழாத இடத்தில். லேத்துக்குச் சிவப்பு நிற ஐந்து முனை இண்டஸ்ட்ரியல் பிளக், வெல்டிங் செட்டுக்கு நீல நிற மூன்று முனை. இரண்டு எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது ஒரு பேஸில் மூன்றரை ஆம்பியருக்குள்தான் எடுக்கிறது. ஒருமுனையில் பதினோரு ஆம்பியர் இழுத்த அதே வேலை.

லேத்துக்கு வெறும் சுவிட்ச் போடாதீர்கள், பட்டன் அழுத்தி மோட்டாரைக் கிளப்பும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடுங்கள். மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே அதில் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கரண்ட் போனால் அதன் காந்தக் காயில் பிடியை விட்டுவிடும், கரண்ட் திரும்பினாலும் பச்சைப் பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. கரண்ட் போய்விட்டதே என்று கடையும் பொருளைப் பற்றியிருக்கும் சக்கில் சாவியை மாட்டிப் பொருளை மாற்றிக்கொண்டிருக்கும்போது, வெறும் சுவிட்சில் இருக்கும் லேத் தானாகச் சுற்றத் தொடங்கினால் அந்தச் சாவி எங்கே போய்ப் பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் அப்படிப் பறந்த சாவி ஒன்று தகரத் தடுப்பில் விட்ட ஓட்டையைப் பார்த்தவன் நான். ஸ்டார்ட்டருக்கு முன்னால் ஒரு பேஸ் போனாலும் வரிசை மாறினாலும் நிறுத்தும் ரிலேயும் இருக்கிறது.

வரிசை மாறுவது என்றால், மும்முனையில் ஏதாவது இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். என் லேத்தின் சக் மரையில் திருகி ஏற்றுவது. எதிர்த்திசையில் வேகமாகக் கிளம்பினால் சக் கழன்று மடியில் விழும். ஆகவே முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது சக்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, சக்கைத் தாங்கிச் சுற்றும் வெறும் ஸ்பிண்டிலைத்தான் ஓடவிட்டோம். தெருக் கம்பத்தில் வேலை நடந்த பிறகும் இதையே செய்வேன்.

விளக்குக்கு நான் அதிக அக்கறை எடுத்துக்கொண்டேன். பழைய டியூப் லைட்டும் மலிவான சில எல்.இ.டி.களும் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சுற்றும் பொருளுக்குத் தெரியும். மூன்று தாடைச் சக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்று ஓடும்போது அந்த வெளிச்சத்தில் ஆறு தாடைகளோடு மெல்ல ஊர்வதுபோல் தோன்றும். பேத்தியை அழைத்து இதைத் தள்ளி நின்று பார்க்கச் செய்தேன். அதன் பிறகு அவள் கண்ணை நம்பிச் சக் பக்கம் கையை நீட்டுவதில்லை. பழைய மில்களில் விளக்கு வரிசைகளை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடுவார்கள். ஒரு வரிசை மங்கும்போது மற்றவை எரிந்துகொண்டிருக்கும். நாங்களும் மூன்று வரிசை போட்டு, ஆளுக்கு ஒரு பேஸ் கொடுத்திருக்கிறோம். ஒரு பேஸ் போனாலும் பட்டறை இருட்டில் மூழ்காது என்பது கூடுதல் லாபம்.

இறுதியில் வயர்மேன் மெக்கர் என்ற கருவியை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன், அதாவது வயர் உறையின் எதிர்ப்பு, சோதித்தார். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயர் என்பதால் அதைவிட மிக அதிகமாகவே வந்தது. செலவைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளும் பெட்டிகளுக்குள்ளும் போயிருக்கிறது. கம்ப்ரசரை மாற்றும் யோசனையை அதற்காகத் தள்ளிவைத்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டின் முன் அறைகளில் பழைய வயரிங் இன்னும் பாக்கி. பொங்கலுக்குப் பிறகு அதே வயர்மேன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி, எந்த எம்.சி.பி. எதற்கு என்பதையும் அளந்த எண்களையும் தேதியோடு எழுதியிருக்கிறோம். எர்த் 7 ஓம் என்பது மழைக்குப் பின் ஈர மண்ணில் அளந்தது. சித்திரை வெயிலில் மண் காய்ந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். 10 ஓமைத் தாண்டினால் மூன்றாவது குழிக்குக் கொய்யா மரத்தடியில் இடம் விட்டிருக்கிறேன்.